அலசிய கறி

தட்டில் விழுந்த கறித்துண்டு வெளுத்திருந்தது. சோலையப்பன் அதை விரலால் எடுத்து அரிக்கேன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மிளகாயும் மல்லியும் அவனே அளந்து போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்த குழம்பு அது. சட்டியில் சிவக்கச் சிவக்கக் கிடந்தது. வாயில் போட்டான். உப்பில்லை, உரைப்பில்லை, ஆட்டு வாடைகூட இல்லை. சவசவவென்று தொண்டைக்குள் இறங்கியது.

"உப்புப் போட மறந்துட்டேன் போலருக்குப்பா."

எதிரே உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமிக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊரும் பக்கம்தான், சோலையப்பனின் கமுதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.

"நல்லாருக்கே கதை! உப்பும் சரி, உரைப்பும் சரி, அள்ளிப் போட்டுட்டீக. காது அடைக்குதுண்ணே. ஒங்க நாக்குலதான் என்னமோ கோளாறு" என்றான்.

கோளாறாகத்தான் இருக்கும் என்று சோலையப்பனும் விட்டுவிட்டான்.

அது எண்பத்தோராம் வருஷத்துக் குளிர்காலம். அபுதாபிப் பாலைவனத்தில், லிவாவுக்குத் தெற்கே மணல் மேடுகளுக்கு நடுவில் ஆறு கூடாரம். அர்பாப், அதாவது முதலாளி, குளிர் மாதத்தில் இருபது நாள் ராஜாளிகளோடு வந்து தங்கி ஹுபாராப் பறவை வேட்டையாடுவார். நல்ல மனுஷர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஆட்களுக்குச் சமைப்பதோடு ராஜாளிகளுக்கும் சமையல்காரன்தான் தீனி தயார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் பம்பாயில் விசா கொடுத்த ஏஜெண்ட் சொல்லவில்லை.

மனிதர்கள் பாடு சுலபம். விடியற்காலை வேட்டை என்றால் ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் ஒட்டகப்பால், சின்னக் கோப்பையில் கஹ்வாக் காப்பி. சோறு கூடாது, வெங்காயம் கூடாது. வயிறு கனத்தால் ஜீப்பிலேயே தூங்கிவிடுவார்கள். ராஜாளிகளுக்கோ பிள்ளை பெற்றவளுக்குக்கூட இல்லாத பத்தியம். கொழுப்பு ஆகாது, தோல் ஆகாது. முந்தின சாயங்காலம் கறியை மெல்லிசாக அரிந்து தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிழிந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறப்போட்டு, ரத்தமெல்லாம் போய்க் கறி வெளுக்கும்வரை அலச வேண்டும்.

ராஜாளிகளைப் பழக்கும் கௌஸ் முகம்மது என்ற பாகிஸ்தான் கிழவர்தான் அவன் வேலைக்கு வந்த புதிதில் இதையெல்லாம் இந்தியில் விளக்கினார். "அலசின கறி வயிற்றை நிரப்பும் பாய், பசியை அடக்காது. உடம்பு இளைக்கும், கண் கூர்மையாகும். கூடக் கொடுத்த முடியையும் எலும்பையும் விடியும்போது பறவை ஓர் உருண்டையாகக் கக்கும். கக்கிவிட்டால் வேட்டைக்குத் தயார். உட்கார்ந்திருக்கும் இரையைக்கூட அது விட்டுவிடும். ஓடுவதை மட்டும் அதனால் விட முடியாது."

நாக்கு மரத்த நான்காம் நாள் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் கருகும் வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினான். அவன் கையிலிருந்துதான் வந்தது. வலிக்கவில்லை. தட்டுத் தட்டாகச் சாப்பிட்டான். வயிறு நிறைந்தது, பசி மட்டும் அசையாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் கைலி இடுப்பில் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே நிமிர்ந்தவன், அரை மைலுக்கு அப்பால் மணல் சரிவில் ஓர் ஓணான் தலையைத் தூக்குவதைப் பார்த்தான். அதன் தொண்டை துடிப்பதைப் பார்த்தான்.

"இப்பிடி எளைச்சுப் போயிட்டீகளேண்ணே. சாப்பிடுறீகளா இல்லையா?" என்று கேட்டான் பொன்னுச்சாமி.

எட்டாம் நாள் ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தான். உப்பிலேயே பிறந்த பண்டம், அதில் உப்பு இல்லாமல் எங்கே போகும்? மனைவி ராக்கம்மா பாலிதீன் பையில் போட்டு, அதைத் துணியில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்திருந்தாள். இரண்டரை வருஷமாக அவிழ்க்காத அந்த மூட்டை டிரங்குப் பெட்டியின் அடியில், பூட்டுக்குள் இருந்தது. நூல் கட்டியபடியே இருந்தது.

அவிழ்த்தான். உள்ளே கருவாடு வெள்ளையாக, கொழகொழவென்று, தண்ணீர் சொட்டக் கிடந்தது.

பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கைபோல விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. அன்று மதியத்திலிருந்து அவன் தண்ணீரையே தொடவில்லை.

பயந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை. பெட்டி மூடியில் ஒட்டியிருந்த நாகவள்ளியின் போட்டோவைப் பார்த்தான். அவன் வந்தபிறகு பிறந்த பிள்ளை. தினமும் பார்த்துப் பார்த்து மனசு உருகுகிற முகம். இப்போது அது வெறும் தாளாக இருந்தது. அது தாளாகிப் போனதற்காகவாவது கொஞ்சம் அழலாம் என்று முயன்றான். அழுகையும் வரவில்லை.

ராஜாளிகளிடம் தீனிக் கிண்ணத்தோடு போனபோது, கண்ணை மூடித் தோல் குல்லா மாட்டியிருந்த பறவைகூட அவன் பக்கம் கழுத்தைத் திருப்பி, இறக்கையைச் சுருக்கிப் பதுங்கியது. கௌஸ் முகம்மது பறவையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு பறவை உட்காரும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் கூடாரத்தின் அந்தப் பக்கம் நட்டார்.

பதினோராம் நாள் மதியம் அர்பாப் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவனுக்கும் பொன்னுச்சாமிக்கும். மறுநாள் விடியற்காலை வேட்டை முடிந்ததும் பொன்னுச்சாமி லாரியை எடுப்பான், சாயங்காலம் அபுதாபி, அதற்கடுத்த நாள் பிளேன். ஒரே ஒரு விடியலைத் தாண்டினால் போதும், வீடு. பொன்னுச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு லாரிக்கும் கூடாரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான். சோலையப்பனின் கண் அவன் போன பக்கமெல்லாம் போனது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

"பொன்னுச்சாமி, இங்க வா. ஓடாத. நடந்து வா."

"என்னண்ணே?"

"இன்னைக்கு நீ லாரிக்குள்ளயே படு. கதவைப் பூட்டிக்க. விடிஞ்சு வெளிச்சம் நல்லா வர்ற வரைக்கும் எறங்காத. எங்கயாச்சும் என்னையப் பாத்தாலும் ஓடிறாத, கேட்டியா? அப்பிடியே உக்காந்துரு."

"ஒங்களப் பாத்து நான் எதுக்குண்ணே ஓடப்போறேன்?" என்று சிரித்தான் பொன்னுச்சாமி. "ஊருக்குப் போற சந்தோஷத்துல அண்ணனுக்குப் புத்தி பெரண்டு போச்சு."

ஆனாலும் சொன்னபடி லாரியில்தான் படுத்தான். கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் சோலையப்பனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

கிழக்கு வெளுக்கும்போது இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்தது. மண்டியிட்டுக் கக்கினான். மணலில் விழுந்தது. எலுமிச்சை அளவு. ஆட்டு முடி, எலும்புத் துணுக்கு, நடுவில் ராக்கம்மா கட்டிய நூல். ஈரமே இல்லை.

இப்போது வயிறு காலி.

லாரிக் கதவு திறந்தது. விடிந்துவிட்டது என்று நினைத்தானோ, ஒதுங்க அவசரமோ. தோளில் துண்டு, கையில் தண்ணீர்ச் சொம்பு. மணல் மேட்டில் ஏறினான். கழுத்து நரம்பு தெரிந்தது. அது துடிப்பது தெரிந்தது.

உட்கார், உட்கார் என்று மனசுக்குள் கெஞ்சினான் சோலையப்பன்.

பொன்னுச்சாமி திரும்பினான்.

எதைப் பார்த்தானோ. சொம்பு விழுந்தது. உட்காரவில்லை.

ஓடினான்.

பொழுது ஏறியிருந்தது. சொம்பு சரிவில் கிடந்தது. ஒற்றைச் செருப்பு மேலே. சோலையப்பன் மண்டியிட்டுக் குனிந்திருந்தான். அவனுக்குக் கீழே துண்டு காற்றில் படபடத்தது. பதினோரு நாளைக்குப் பிறகு நாக்கில் உப்புக் கரித்தது. நல்ல உப்பு. சூடு.

பின்னால் காலடி. மெதுவாக. இரை பிடித்த பறவையை நெருங்குகிறவரின் காலடி. கௌஸ் முகம்மது பத்தடி தள்ளி நின்றார், மண்டியிட்டார், முழங்காலாலேயே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தார். கையை நீட்டினார்.

"வா பேட்டா, வா... விட்டுவிட்டு வா..."

உள்ளங்கையில் ஒரு கறித்துண்டு. வெளுத்த துண்டு. நேற்றுச் சாயங்காலம் சோலையப்பனே அலசி வைத்தது.

அவன் அதைப் பார்த்தான். பிறகு, அதை ஏந்தியிருந்த மணிக்கட்டைப் பார்த்தான்.