கார்டு இல்லை என்ற கைபேசி

துப்பறிவாளரின் அறைக்குள் வந்த பெண் பொறியாளர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“தலை சுத்துது சார். எங்க கம்பெனி போன்ல இதுவரைக்கும் நம்பர் உள்ளேயே பதிஞ்சிருக்கும். இப்பதான் முதல் தடவையா சிம் கார்டைக் கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சோம். வாங்க வந்தவங்க அவங்க கார்டைப் போட்டா ‘கார்டு இல்லை’ன்னு காட்டுது. அதே போனை எங்க மேஜைக்குக் கொண்டுவந்து எங்க கார்டைப் போட்டா நல்லா வேலை செய்யுது!”

“யார் மேல சந்தேகம்?”

“என் தம்பி மேல. கார்டு செருகுற இடத்தைச் செஞ்சவன் அவன்தான். குழப்பத்துல நானே முதலாளிகிட்ட அவன் பேரைச் சொல்லிட்டேன். சாயங்காலம் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க.”

“போட்டிக் கம்பெனிக்காரன் அவனை விலைக்கு வாங்கியிருப்பான்!” என்று குதித்தான் துப்பறிவாளரின் மச்சான். வீட்டில் அவனை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை அவன் இதுவரை கெடுத்துக்கொண்டதில்லை.

கம்பெனி ஆய்வுக்கூடத்துக்கு மூவரும் போனபோது, முதலாளி கடுகடுவென்று நின்றார். தம்பி திருதிருவென்று விழித்தான். மேஜைமேல் சோதனைக் கார்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதிய ஸ்டிக்கர். மச்சான் பூதக்கண்ணாடியோடு ஜன்னல் கம்பிகளை ஆராயப் போய்விட்டான்.

துப்பறிவாளர் சோதனைக் கார்டு ஒன்றைச் செருகினார். கைபேசி வேலை செய்தது. மச்சானின் கார்டை வாங்கிச் செருகினார். ‘கார்டு இல்லை.’

“அப்ப என் கார்டு என்ன திருட்டுக் கார்டா?” என்று மச்சான் பதறினான். எல்லோருக்கும் மண்டை காய்ந்தது.

துப்பறிவாளர் சோதனைக் கார்டின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துவிட்டு, மறுபடி செருகினார். ‘கார்டு இல்லை.’

“உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் கார்டைத் தொட்டாதான் போன் படிக்கும். இவங்க தம்பி ஸ்டிக்கர் ஒட்டின கார்டை வெச்சே அளவெடுத்திருக்கார். அந்த ஸ்டிக்கரோட தடிமன்தான் கார்டை ஸ்பிரிங் மேல அழுத்துது. வெளியாள் கார்டுல ஸ்டிக்கர் ஏது? எட்டல, அவ்வளவுதான். இதுல சதியும் இல்ல, துரோகமும் இல்ல. ஆமா, ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்,” என்றாள் அக்கா. “கார்டுங்க ஒண்ணோட ஒண்ணு மாறிடக்கூடாதுன்னு...”

முதலாளி அசடு வழிந்தார். “போப்பா, போய் ஸ்பிரிங்கைச் சரி பண்ணு,” என்று தம்பியின் தோளைத் தட்டினார். தம்பி நகரவில்லை.

“நான் செஞ்சிருப்பேன்னு நிஜமாவே நினைச்சியாக்கா?”

மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

“நினைச்சேன்டா,” என்றாள். சொன்னதும் அழுதாள்.

தம்பி வெளியே நடந்தான். செருப்பைக்கூடப் போடாமல் அவள் அவன் பின்னால் ஓடினாள்.