அதனதன் வாசம்

மிக்ஸியின் சின்ன ஜாடி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து குடித்த தம்ளரைக்கூட நகர்த்தி வைத்தறியாத மனிதர், ஜாடியைத் தேய்த்துக் கழுவி, மூடியையும் பக்கத்தில் காய வைத்திருந்தார். இன்றைக்கு மழைதான் கொட்டப்போகிறது என்று பெரியவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, மூடியின் ரப்பரை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. இலை வாசம் அடித்தது. இலை மட்டும் இல்லை என்பதும் மூக்குக்குத் தெரிந்தது.

"புழுதான்," என்றது பின்னாலிருந்து கணவரின் குரல். "நல்லா கழுவிட்டேன், பயப்படாத."

கைக்கடிகாரம் பழுது பார்த்தவர் அவர். கடையை மூடி நாளானாலும் தெருவுக்கு இன்னும் கடிகாரக்காரர்தான். சும்மா இருக்கத் தெரியாத கை. கொல்லைப்புறத்தில் கத்தரி, வெண்டை, அவரை என்று போட்டார். விடிந்ததும் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பல்சக்கரம் தூக்கிய அதே சாமணத்தால் இலை இலையாகப் புழு பொறுக்குவார். பொறுக்கியதை அரைத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து அதே செடிகளுக்குத் தெளிப்பார்.

"அதது செத்த வாசம் அததுக்குத் தெரியும்," என்றார். "அப்புறம் அந்த இனம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது."

உண்மைதான், படுக்கவில்லை. இலைகளில் ஒரு ஓட்டை கிடையாது. புழுவுக்குப் பிறகு நத்தை வந்தது, நத்தையும் ஜாடிக்குப் போனது. எலி வந்தபோது பெரியவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள், சமையலறை மிக்ஸியில் மட்டும் வேண்டாம் என்று. அவர் தாராள மனதோடு பழைய மிக்ஸி ஒன்றை, பெரியதாகப் பார்த்து வாங்கிவந்து, கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பின் பெரியவளுக்குச் சாயங்காலங்கள் பிடிக்காமல் போயின. சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது என்னவென்று அவள் காது கற்றுக்கொண்டுவிட்டது. புழு என்றால் வழுக்கிக்கொண்டு ஓடும். நத்தை ஓடு கடகடவென்று அடித்து, மெல்ல மெல்ல மணலாகும். எலி என்றால் முதலில் மிக்ஸி திணறும், நிற்கும், மறுபடி ஓடும். அவள் குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றுகொள்வாள்.

இந்தக் கட்டுக்காவலிலும் காய் குறைந்தது. குறைத்தவள் வேறு யாருமில்லை, பெரியவளேதான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அவளுக்கு ஒரு தங்கை. வீடு இருவரின் அப்பா கட்டியது. அதில் பங்கு கேட்டு வந்த சின்னவளை, இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று கடிகாரக்காரர் விரட்டியடித்திருந்தார். சின்னவளின் கணவன் எப்போதோ போய்விட்டான். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று துணி மடித்து, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையை அவள் வளர்த்தாள். இடுப்புவலிக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து அவள் வாசமே தைல வாசமாகிவிட்டது. காலையில் கணவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பெரியவள் நூல் வெட்டும் கத்தரிக்கோலால் நாலு காய் வெட்டி, பின்வேலிக்கு மேலே தங்கையின் பையில் போடுவாள். இந்த வீட்டில் அவள் மனசாரச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒருநாள் காலை அவர் கத்தரிச்செடி முன்னால் குந்தியிருந்தார். லென்ஸ் கண்ணில் இருந்தது.

"இங்க வாயேன். இந்தக் காம்பைப் பாரு."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குனிந்தாள்.

"அணில் கடிச்சா நார் நாரா இருக்கும். எலின்னா பல்லுத் தடம் இருக்கும். இது சுத்தமா வெட்டியிருக்கு. கத்தரிக்கோல். சின்னது." லென்ஸை எடுக்காமலே நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் அந்த ஒற்றைக் கண் பெரிதாக, ஈரமாக இருந்தது. "நீ எதையாவது பார்த்தியா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. பயம் அவள் வாயை முந்திக்கொண்டது.

"பின்வேலிப் பக்கம்... விடியக்காலையில யாரோ வந்துபோற மாதிரி இருந்துச்சுங்க."

"அப்படியா," என்றார். குரலில் கோபமே இல்லை.

வேலியை உயர்த்திக் கட்டுவார், அதிகம் போனால் முள் போடுவார் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சின்னவளை எச்சரிக்க வேண்டும். ஆனால் போன் அன்று முழுக்க அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சரி, விடிந்ததும் வேலியருகே நின்று, இனி வராதே என்று சொல்லிவிடலாம் என நினைத்தாள்.

விடிந்தது.

"இன்னைக்கு நீ முதல்ல குளிச்சுடு," என்றார். "தலைக்கு ஊத்திக்க. நிதானமா வா."

அவள் தயங்கினாள். அவர் குளியலறைக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே பின்வேலி ஒருமுறை அசைந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நெடுநேரம் ஒன்றும் இல்லை. கதவைத் தட்டினாள். கத்தினாள். குழாயை மூடினாள்.

அப்போது மிக்ஸி ஓடத் தொடங்கியது. திணறியது. நின்றது. மறுபடி ஓடியது. எலியில்லை, அவள் காதுக்குத் தெரியாத சத்தம்.

அவர் வந்து தாழ்ப்பாளை நீக்கியபோது வெயில் ஏறியிருந்தது. கொல்லைக் கதவு வரை வந்து நின்றாள். முதுகில் தெளிப்பானோடு அவர் பாத்திக்குப் பாத்தி நடந்துகொண்டிருந்தார். இலைகள் நனைந்து பளபளத்தன. கொட்டகை பூட்டியிருந்தது. வேலியில் ஒரு துணிப்பை, காலியாக, தொங்கியது.

காற்று திரும்பியது. தைல வாசம்.

"என்னத்த அரைச்சீங்க?"

"வேலிப் பக்கம் வந்துபோனதைத்தான்," என்றார். "நீதானம்மா சொன்ன."

பால்காரர் வந்தார். தினமும் வாசல்வரை வருகிறவர், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கை கேட்டின் மேல் இருந்தது. திறக்கவில்லை. "என்னமோ தெரியலீங்க, உள்ள வரவே மனசு வரல," என்று பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கடிகாரக்காரர் பெரியவளைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அன்று பகல் முழுவதும் அந்த வீட்டின் ஓரமாக ஒருவரும் நடக்கவில்லை. எதிர்ச்சாரியில் போனார்கள். நாய் மட்டும் வழக்கம்போல ஓரமாகவே போனது.

பொழுது சாய்ந்தது. கேட் கிறீச்சிட்டது.

பள்ளிச் சீருடை. ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். சின்னவளின் மகள்.

"பெரியம்மா, அம்மா கடைக்கே வரலையாம். நானே தேடிக்கிட்டு வந்தேன்."

போ என்று கத்த வேண்டும். ஓடு என்று கத்த வேண்டும். பெரியவளுக்கு மூச்சு மட்டும் வந்தது.

குழந்தை நின்றது. மூக்கை உறிஞ்சியது. மறுபடி உறிஞ்சியது. அதன் முகம் மலர்ந்தது.

"அம்மா!"

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடியது. நேரே பாத்திக்குள். "அம்மா, ஒளிஞ்சிருக்கியா?" வெண்டையை விலக்கிப் பார்த்தது. அவரைப் பந்தலுக்குள் குனிந்து பார்த்தது. கத்தரிச்செடி அருகே வாசம் கூடுதலாக இருந்தது போலும். மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் செடியை அணைத்துக்கொண்டு, ஈர இலைகளில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

கடிகாரக்காரர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குழந்தையையே பார்த்தார். ஓடாத கடிகாரத்தைப் பார்ப்பதுபோல, நெற்றி சுருங்க.

"இது மட்டும் பயப்படலையே," என்றார். "தண்ணி கூடிப்போச்சோ?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டு திறந்தது. கொட்டகைக்குள் இருட்டாக இருந்தது.

பெரியவள் கொல்லைப் படியில் நின்றாள். பத்தடி தூரம்தான். காலைத் தூக்கினாள். கீழே மண் ஈரமாக இருந்தது. தங்கையின் வாசம் முகத்தில் அடித்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இறங்கு. இறங்கு. விரல்கள் சுருண்டன. அவள் உடம்பு மொத்தமும், அவளைக் கேட்காமலே, ஒரு படி பின்னால் ஏறியது.

"கண்ணு," என்று கூப்பிட்டார் கடிகாரக்காரர்.

குழந்தை இலைகளிலிருந்து முகத்தை எடுத்தது. கன்னம் நனைந்திருந்தது. சிரித்தது.