ஐந்தாவது முகவரி

ஐந்தாவது முகவரியிலிருந்து பதில் வந்திருந்தது. அந்த மெயில் கணக்குக்குள் அவள் இன்னும் போகவே இல்லை.

மாலை ஆறு மணி தாண்டிப் பத்து நிமிடம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பும் ஆறிப்போன காப்பியும் இருந்தன. மேஜைக்கு அடியில், அவள் காலில் சாய்ந்தபடி, அக்காவின் ஆறு வயது மகள் குட்டி வண்ணப் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வரப்போகிற இருட்டு. பதிலில் ஒரே வரிதான்: ‘கிடைத்தது. நலமா?’

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அலுவலகம் பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு நுண்ணோக்கி விற்கிறது. அவளுக்கு முன்னால் இருந்தவர், புது மெயில் ஐடி கிடைத்த அன்றே நாலாயிரம் பள்ளிகளுக்கு ஒரே மூச்சில் கடிதம் அனுப்பிவிட்டார். அத்தனையும் ஸ்பேமில் போய் விழுந்தன. அவர் வேலையும் அதோடு போயிற்று. இப்போது இன்னொரு புது ஐடி. இதை அவசரப்படாமல் சூடேற்ற வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

“ஒரு தெருவுக்குப் புதுசா குடி வந்தவன் முதல் நாளே எல்லா வீட்டுக் கதவையும் தட்டினா என்னம்மா நினைப்பாங்க? திருடன்னு நினைப்பாங்க. முதல்ல நாலஞ்சு வீடு. அவங்க ‘வாங்க வாங்க’ன்னு உள்ள கூப்பிடணும். அதைப் பார்த்துட்டு மத்தவங்களும் திறப்பாங்க. அவ்வளவுதான் விஷயம்.”

அதற்கு ஓர் அட்டவணை கொடுத்தார். அவள் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். முதல் நாள் ஐந்து கடிதம், மறுநாள் எட்டு, பிறகு பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து. இப்படியே ஏறி, பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு நாலாயிரம். கடிதம் பெறுகிறவர்கள் அதைத் திறக்க வேண்டும், பதில் போட வேண்டும், ஸ்பேமில் கிடந்தால் எடுத்து இன்பாக்ஸில் வைக்க வேண்டும். அந்தப் பதிலுக்கு இவளும் பதில் போட வேண்டும். என்ன எழுதுகிறோம் என்பது முக்கியமில்லை. பேச்சு நடக்கிறது என்று ஸ்பேமைப் பிரிக்கிற மென்பொருளை நம்பவைத்தால் போதும்.

நான்கு கணக்குகளை அவளே புதிதாகத் திறந்தாள். “எல்லாமே புதுசா இருந்தா நம்பாதும்மா. பல வருஷமா இருக்கிற ஐடி ஒண்ணாவது வேணும். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேளுங்க” என்றார் மேலாளர். பஸ்ஸில் தன் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட வாய்விட்டுச் சொல்லாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் அவள். யாரிடம் கேட்பாள்? அக்காவின் ஐடியைப் போட்டாள். கல்லூரி நாட்களில் அதை அக்காவுக்குத் திறந்து கொடுத்தவளே அவள்தான். பாஸ்வேர்ட் தெரியும். அதற்குள் போய்த் தானே பதில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிய ஒரு மாலையில் காரோடு போனாள். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

அப்படியானால் பதில் போட்டது மாமாவாகத்தான் இருக்க வேண்டும். அக்காவின் கணவர், கப்பலில் வேலை. அக்காவின் ஃபோன் அவரிடம் இருக்கும். “என் உயிரையே உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்” என்று குட்டியை இவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். பேச வராதவர்களுக்கு எழுத்துதான் கதி என்பது அவளுக்குத் தெரியாததா?

‘நலம். குட்டியும் நலம்’ என்று பதில் போட்டாள்.

ஆறு மணிக்குத் தினமும் மேலாளரோடு பேசுவதற்காக மாட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றியபோது, ஸ்டோர் ரூம் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அக்காவின் துணிமணிகளைப் பெட்டிகளில் அடைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவைத்த ஜன்னலில்லாத அறை அது. ஏதாவது பெட்டி சரிந்திருக்கும்.

மறுநாள் கேள்விகள் வரத் தொடங்கின. சின்னச் சின்னக் கேள்விகள். குட்டிக்குப் பல் விழுந்ததா? எந்தக் கட்டிலில் தூங்குகிறாள்? கதை சொன்னால்தான் தூங்குவாளா? அவளும் விடாமல் பதில் எழுதினாள். வேலைக்கும் ஆயிற்று, அந்த மனிதருக்கும் ஓர் ஆறுதல். வீட்டில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை வந்தது. ஃபினாயில் ஊற்றித் துடைத்தாள். வாடை ஃபினாயிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அவள் தூங்கப் போகும்போது எழுந்து வந்தது. துணி வாடை மட்டுமில்லை, சேறும் கலந்திருந்தது.

ஆறாம் நாள் கேள்வி: ‘மச்சம் எந்தக் கன்னத்தில்?’

மாமாவுக்கு அக்காவின் முகம் மறக்க ஆரம்பித்துவிட்டது. எதிரே உட்கார்ந்து சிரிக்கிற அக்காவை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்து, ‘வலது’ என்று எழுதி அனுப்பினாள். படுத்த பிறகுதான் உறைத்தது. அது எதிரே இருந்து பார்ப்பவளுக்கு வலது. அக்காவுக்கு மச்சம் இடது கன்னத்தில். காலையில் திருத்தி எழுத நினைத்து மறந்துபோனாள்.

“சித்தி, ஸ்டோர் ரூம்ல தட்டுறாங்க” என்றாள் குட்டி, ஏழாம் நாள்.

“எலியா இருக்கும்.”

“எலிக்கு எண்ணத் தெரியுமா?”

“உன் வாலுத்தனத்தைப் பார்த்தா எலிக்கு எல்லாம் மறந்துடும். போய்ப் பல் தேய்.”

“அது தட்டினா நான் திருப்பித் தட்டுறேன். நீதான் காதுல அதை மாட்டிட்டு உக்காந்திருக்கே, உனக்கு எதுவும் கேக்காது.”

அவள் சிரித்தாள். சிரித்ததை அப்புறம் நினைத்துப் பார்த்தாள்.

பத்தாம் நாள் ஐந்து ஐம்பதுக்கு மாமா ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். நாலாயிரம் கடிதங்களும் ஆறு மணிக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்துவைத்திருந்தாள்.

“குட்டி எப்படியிருக்கா?”

“நல்லாயிருக்கா மாமா. அதான் தினமும் எழுதுறேனே.”

“என்ன எழுதுறே?”

“மெயில். அக்கா ஐடியிலேர்ந்து நீங்க கேட்டுட்டே இருக்கீங்களே.”

கம்பியில் காற்று உரசுகிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு மாமா நிதானமாகச் சொன்னார். “அவ ஃபோன் அவளோடவே தண்ணியில போயிடுச்சேம்மா. அந்த ஐடி பாஸ்வேர்டு எனக்குத் தெரியவே தெரியாது. உனக்கு யாரு…”

லைன் அறுந்தது.

அவள் அக்காவின் கணக்குக்குள் போனாள். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. திறந்தது. அவள் அனுப்பிய ஒன்பது நாள் கடிதங்களும் ஸ்பேமில் கிடந்தன. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. எட்டு மாதமாக அங்கிருந்து எந்தக் கடிதமும் வெளியே போகவில்லை.

“குட்டி.”

குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் நோட்டு மட்டும் இருந்தது. படம் இல்லை. கோடுகள். ஒரு பக்கத்தில் ஐந்து. அடுத்த பக்கத்தில் எட்டு. பன்னிரண்டு. பதினெட்டு. இருபத்தைந்து. கோடு போட்டுப் போட்டுப் பென்சில் முனை மழுங்கியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதே அளவு கோடுகள் சிவப்பில். அவை குட்டி பதிலுக்குத் தட்டியவை.

அவள் திரும்பிக் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். அதே எண்கள். அதே வரிசை. கடைசி வரியில் நாலாயிரம்.

ஸ்டோர் ரூம் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அதற்குக் கீழே குட்டியின் சின்ன நாற்காலி. பெட்டிகள் பிரித்துக் கிடந்தன. தரையில் ஈரம். ஈரம் அறைக்குள் போகவில்லை. அறையிலிருந்து வெளியே வந்திருந்தது. படுக்கையறை வரை.

வாடை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால் வழுக்கியது. படுக்கையறையில் விளக்கு எரியவில்லை. கட்டிலில் குட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ அவள் தலையை வாரிக்கொண்டிருந்தார்கள். மெல்ல. அக்காவின் மஞ்சள் நைட்டி. பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. சீப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சத்தம் போடாத சித்தி. அம்மா கதை சொல்றாங்க.”

“குட்டி. இங்க வா.”

“நான்தான் திறந்துவிட்டேன். தினமும் பதில் சொல்றோம்ல? இனிமே உள்ள வரலாமாம்.”

“எங்கிட்ட வாம்மா. எழுந்து வா. மெதுவா.”

சீப்பு நின்றது. நைட்டிக்கு மேலிருந்த தலை இவள் பக்கம் திரும்பியது. நெற்றி அக்காவின் நெற்றிதான். உதடும் அக்காவுடையதுதான். மச்சம் இருந்தது. அதன் வலது கன்னத்தில். இவள் எழுதிக் கொடுத்த இடத்தில்.

கண்களைப் பற்றி அது ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் தோல்.

“அம்மா மட்டும்தான் உள்ள வந்திருக்காங்க” என்றாள் குட்டி. “மத்தவங்க இன்னும் நிக்கிறாங்க.”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் ‘டிங்’ என்றது. ஆறு மணி.

ஸ்டோர் ரூமில் ஒரு தட்டல் கேட்டது. இன்னொன்று. பிறகு சுவரில். கூரையில். அவள் நிற்கும் தரைக்கு அடியில். எண்ண முடியவில்லை. மழை இரைவது போல நாலா பக்கமும்.

ஈரக் கை ஒன்று குட்டியின் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் தூக்கிக் கொடுத்தது. குட்டி சித்தியைப் பார்த்துச் சிரித்தபடியே, விரல்களை மடக்கிக்கொண்டு, பதிலுக்குத் தட்ட ஆரம்பித்தாள்.