இரண்டு நிமிடம் பத்து விநாடி

போன் அலறியது.

மதியம் இரண்டு மணி. மேளக்காரர் சாப்பிட்ட கையை இன்னும் கழுவவில்லை. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

பல் டாக்டர்.

"எடுக்காதீங்க," என்றாள் மனைவி.

"எடுக்கலைன்னா விடாம அடிச்சுக்கிட்டே இருப்பான். காலையிலேருந்து இது ஏழாவது தடவை."

"பல்லைப் பிடுங்கற ஆளுக்கு நம்ம உயிரைப் பிடுங்க எவ்வளவு நேரம்?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள், பாவம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த வாயையே பொத்திக்கொண்டு அழப் போகிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இவர்கள் பிழைப்பு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேளக்காரர் நாட்டுப் பாட்டு பாடுகிறவர். மேளமும் அவரே, குரலும் அவரே. வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து ரெக்கார்டிங் ரூம் ஆக்கியிருந்தார்கள். அதில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பதிவு செய்து, சேர்த்து, வெட்டி, ஒட்டி முடிப்பவள் மனைவி. யாருக்காவது கல்யாண நாளா, கடைத் திறப்பா? விவரத்தைச் சொன்னால் போதும், மூன்றே நாளில் பாட்டு அவர்கள் போனுக்குப் போய்விடும். விளம்பரத்தில் தங்கள் வீட்டு வாசல் போட்டோவைக் கதவு நம்பரோடு போட்டிருந்தார் மேளக்காரர். அப்போது அது பெருமையாக இருந்தது.

பல் டாக்டர் கேட்டது மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு. இன்று மாலை ஐந்து மணிக்குப் போட வேண்டும்.

மேளக்காரர் போனை எடுத்தார்.

"சொல்லுங்க டாக்டர் சார்."

"ரெண்டு நிமிஷம் பத்தாவது செகண்ட்ல மேளம் அஞ்சு அடி விழுதே..."

"ஆமா சார்."

"பத்தலை. இன்னும் ஓங்கி வேணும்."

"சார், மூணு தடவை ஏத்தியாச்சு. இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்."

"கிழியட்டும். வாடகைக்கு எடுத்ததுதான். ஆள் உயரம் ஒண்ணு, ஹால்ல நிக்குது."

"வரியெல்லாம் எப்படி சார்? உங்க சம்சாரம் மழையில செருப்பைக் கையில தூக்கிட்டு நடப்பாங்கன்னு சொன்னீங்களே, அதை ரெண்டாவது சரணத்துல..."

"வரியா? அது ஏதோ இருந்துட்டுப் போகட்டும். யார் கேக்கப் போறா?"

மேளக்காரருக்குச் சுருக்கென்றது. ராத்திரியெல்லாம் முழித்து எழுதிய சரணம்!

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "மேளத்துக்கு முன்னாடி 'கண்ணை மூடிக்கோ'ன்னு ஒரு வரி நான் சொன்னேன்ல? அதை மட்டும் தொடாதீங்க. அவ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பா. நான் பின்னாலேருந்து கேக் எடுத்துட்டு வரணும்."

"சரி சார்."

"அப்போ பலூனை வெடிக்க வைப்பேன். அந்தச் சத்தம் தனியாக் கேக்கக் கூடாது, மேளத்தோட கலந்துடணும். சத்தத்தைப் பதிவு பண்ணி மாதிரிக்கு அனுப்பறேன். அதுக்கு மேல உங்க மேளம் கேக்கணும்."

"பலூன் வெடிச்சாக் கேட்டாத்தானே சார் சந்தோஷம்?"



"பக்கத்து வீட்டுல இதய நோயாளி இருக்காங்க," என்றார் டாக்டர். "நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

போன் செத்தது.

"இதய நோயாளிக்கு பலூன் ஆகாது, நம்ம மேளம் ஆகுமா?" என்றாள் மனைவி.

மேளக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கும் அதுதான் உறுத்தியது.

*

மாதிரிச் சத்தம் வந்து சேர்ந்தது. நான்கே விநாடிதான்.

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என்னங்க... இது பலூன் இல்லை."

"பின்னே?"

"நீங்களே கேளுங்க. முதல்ல 'டப்'புன்னு வருதா? அதை விட்டுடுங்க. அதுக்கப்புறம் வர்றதைக் கேளுங்க."

அவர் கேட்டார்.

வெடிச் சத்தம். அதன் பிறகு சின்னதாக ஒரு கிணுகிணுப்பு. ஏதோ ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து, குதித்து, உருண்டு ஓடியது.

"பலூன் வெடிச்சா ரப்பர்தான் விழும்," என்றாள் மனைவி. "பித்தளை விழாது. நான் நாலு வருஷம் நாடகத்துக்கெல்லாம் சத்தம் சேர்த்துக் கொடுத்திருக்கேன். இது துப்பாக்கிங்க. அந்த உருள்றது காலித் தோட்டா."

மேளக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்... பின்னாலிருந்து வருவார்... கண்ணை மூடிக்கோ... ஐந்து அடி!

"ஐயோ," என்றார். "கொலைக்கு நான் தாளம் போட்டுக் கொடுத்திருக்கேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மணி இரண்டு ஐம்பது.

*

போலீஸுக்குத்தான் முதலில் போன் போட்டார்கள்.

"பேரு?" என்றார் ஏட்டு.

"என் பேரா சார்?"

"கொலை பண்ணப் போறவன் பேருய்யா."

"தெரியாது சார். பல் டாக்டர்னு சொன்னார்."

"விலாசம்?"

"தெரியாது. போன் நம்பர் மட்டும் இருக்கு."

"என்ன தப்பு பண்ணினான்?"

"மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னார் சார்."

ஏட்டு பெருமூச்சு விட்டார். "எங்க தெருவுல தினமும் ஒருத்தன் அடிக்கறான், அவனையே என்னால ஒண்ணும் பண்ண முடியலை. நாளைக்கு நேர்ல வந்து எழுதிக் கொடுங்க."

"சார், அஞ்சு மணிக்கு அந்தம்மா உயிர்..."

லைன் போய்விட்டது.

"இப்ப என்ன பண்றது?" என்றார் மேளக்காரர். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மேளத்தை எடுத்துட்டு அனுப்புவோம்."

"அதை மட்டும்தானே அவன் கேட்டுப் பார்க்கறான்? இல்லைன்னு தெரிஞ்சா வேற பாட்டைப் போட்டுக்குவான். உலகத்துல மேளத்துக்கா பஞ்சம்?"

"அந்தம்மா நம்பர்?"

"தெரியாது. அவங்க பேர்கூட நமக்குத் தெரியாது. செருப்பைக் கையில தூக்கிட்டு நடப்பாங்க, அவ்வளவுதான் தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த வீட்டுக்குள்ள நம்மகிட்டேருந்து போகப்போறது ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் மனைவி மெல்ல. "பாட்டு."

மேளக்காரருக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் பயமாக இருந்தது.

"வரியை மாத்தச் சொல்றியா?"

"அவர் மேளத்தைத் தவிர வேற எதையும் கேக்கறதில்லை. மூணு தடவையும் அந்த ரெண்டு நிமிஷம் பத்தைப் பத்தித்தானே சொன்னார்? ஒரு நிமிஷம் இருபதுல ரெண்டாவது சரணம் ஆரம்பிக்குது. அதைத் தூக்கிட்டு அந்த இடத்துல அந்தம்மாகிட்ட நேரா சொல்லிடுங்க. மேளத்துக்கு முன்னாடி அம்பது செகண்ட் இருக்கு. ஓடிடலாம்."

"அவனும் அங்கேதானே நிப்பான்? அவனுக்கும் கேக்குமே!"

"கேக்கட்டும். குட்டு உடைஞ்சப்புறம் கை தூக்குமா?"

"தூக்கினா?"

அவள் மெஷினைப் போட்டாள்.

"தெருவுக்குக் கேக்குமா?" என்றார்.

"கேக்காது. சுவரைத் தாண்டிப் போறது மேளம் மட்டும்தான். வார்த்தை உள்ளேயே நின்னுடும்."

"அப்போ அவன் தப்பிச்சா அடுத்து வர்றது இங்கேதான். வாசல் போட்டோவே போட்டு வச்சிருக்கோம். என்ன பண்ண?"

"பாடுங்க," என்றாள்.

*

முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை அடிவயிற்றிலிருந்து காற்றே வரவில்லை. ஐந்தாவது தடவைதான் முழுசாக வந்தது. கல்லுக்கு முன்னால் பாடினாலும் கல் எழுந்து ஓடும், அப்படி ஒரு குரல்.

'எந்திரி அம்மா, எந்திரிச்சு ஓடு,
மேளம் விழுமுன்னே வாசலைத் தேடு...
கட்டினவன் கையில துப்பாக்கி இருக்கு,
கண்ணை மூடாதே, காலு ரெண்டும் இருக்கு...'

மனைவி வெட்டி ஒட்டினாள். மேளத்தை டாக்டர் கேட்டபடியே ஏற்றினாள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

டாக்டர் திறந்துவிட்டார் என்று போன் காட்டியது.

பாட்டு மொத்தம் மூன்றரை நிமிடம். முழுசாகக் கேட்டால் மாட்டிக்கொண்டோம்!

மேளக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி... இருபது... முப்பது...

முப்பத்தைந்தாவது விநாடியில் பதில் வந்தது.

'மேளம் பிரமாதம். நன்றி.'

மேளத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். மனைவி சுவரோடு சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்றாவது தாழ்ப்பாள் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அதையும் சுத்தியலால் அடித்துப் போட்டார் மேளக்காரர்.

ஐந்து ஒன்று இருபது. "இப்போ சரணம்," என்றாள் மனைவி.

ஐந்து இரண்டு பத்து. அவர் கை தன்னையறியாமல் தொடையில் ஐந்து முறை தட்டியது. மனைவி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. வாசலில் ஒரு பைக் நின்றபோது இருவருக்கும் உயிர் போய் வந்தது. எதிர்வீட்டு மாப்பிள்ளை!

அன்றைக்கு அவர்கள் தூங்கவே இல்லை.

*

மறுநாள் காலை பத்து மணி.

போன் அலறியது.

பல் டாக்டர்!

"உயிரோட இருக்கான்," என்றார் மேளக்காரர். "அப்படின்னா அந்தம்மா..."

"எடுங்க," என்றாள் மனைவி. "தெரிஞ்சுக்காம இருக்க முடியாது."

எடுத்தார்.

"ஹ... ஹலோ?"

"பாட்டுப் பாடினவருங்களா?"

பெண் குரல்! அமைதியான, பதவிசான குரல்.

"நான் டாக்டரோட சம்சாரம் பேசறேன். அவர் போன்லேருந்துதான் பேசறேன். உங்க நம்பர் இதுலதான் இருந்துச்சு."

மேளக்காரருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அம்மா! நல்லா இருக்கீங்களா? ஓடிட்டீங்களா?"

"நல்லா இருக்கேன். உங்க புண்ணியம். பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அவர்... டாக்டர்?"

"பாவம், அவருக்கும் கேட்டுடுச்சு. அப்படியே வெலவெலத்துப் போயிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில கேக்கு, ஒரு கையில அது. பாட்டை நிறுத்தணும்னு ஸ்பீக்கர்கிட்ட ஓடினார். வாடகை ஸ்பீக்கரா, எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு தெரியலை. ரெண்டு கையும் வேணும்னு கையில இருந்ததை எல்லாம் நாற்காலிமேல வச்சுட்டார்."

"அப்போ நீங்க வாசலைப் பார்த்து ஓடிட்டீங்க!"

"வாசக் கதவு திறந்துதான் இருந்துச்சு," என்றாள் அவள்.

மேளக்காரருக்குப் புரியவில்லை. ஒரு கணம்தான். பிறகு புரிந்துவிட்டது.

"கேக்கை நான் எடுக்கலைங்க," என்றாள்.

"அம்மா..."

"மேளம் எப்போ விழும்னு எனக்கு எப்படித் தெரியும்னு யோசிக்கிறீங்களா? மூணு நாளா பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டிருந்தார். எனக்கு மனப்பாடம். அஞ்சு அடியில எனக்கு ஒண்ணே போதுமா இருந்துச்சு."

மனைவி போனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் கேக்கலை. தெருவே பிறந்தநாள் மேளம்னு நினைச்சுக்கிச்சு. நான் மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போயிட்டுத் திரும்பி வந்து அழுதேன். துப்பாக்கியைத் துடைக்கும்போது அவருக்குக் கை தவறிடுச்சுன்னு போலீஸ் எழுதிட்டுப் போனாங்க."

"அம்மா, நான் இதைப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்..." மேளக்காரர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சொல்லுங்களேன். துப்பாக்கி வரப்போகுதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே பாடி அனுப்பின ஆளைப் போலீஸ் என்ன கேக்கும்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும். மேளமும் உங்களோடது, குரலும் உங்களோடது. என்னோடது வெறும் பிறந்தநாள்தானே?"

பின்னறை மெத்தைச் சுவர்கள் நெருங்கி வருவது போல் இருந்தது அவருக்கு.

"பயப்படாதீங்க," என்றாள் அவள், அன்பாக. "திட்ட வரலை நான். ஒரு ஆர்டர் கொடுக்கத்தான் கூப்பிட்டேன். அடுத்த மாசம் என் மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள். மகன் போன துக்கத்துல இருக்காங்க, நல்லதா ஒரு பாட்டுப் போடுங்க."

"பா... பாட்டா?"

"ஆமா. மேளம் அப்படியே இருக்கட்டும். அந்த 'எந்திரிச்சு ஓடு' மட்டும் வேண்டாம். அவங்களுக்கு முட்டிவலி."