ஆறாயிரம் அடி தூரத்தில் ஒரு திருடன்

காலை ஏழு மணி ஐந்து நிமிடம்.

வாட்ச்மேன் போட்ட அலறலில் அம்பத்தூர் ஏரிக்கரையோரம் இருந்த அந்த அபார்ட்மென்ட்டின் மூன்று மாடிகளும் ஒரே நேரத்தில் பல் தேய்ப்பதை நிறுத்தின!

"பொணம்! ரெண்டாவது மாடியில பொணம்!"

பதினோராவது நிமிடம் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் வேம்புலி இறங்கினார். வயது ஐம்பத்திரண்டு. அயப்பாக்கத்து விவசாயக் குடும்பம். சட்டை கசங்கியிருந்தது... கன்னத்தில் சிமென்ட் தரையின் தடம்!

தடத்துக்குக் காரணம் இருந்தது.

மனைவி கமலம் இறந்து எட்டு மாதம். பத்தொன்பது நாளாக வேம்புலி வீட்டுக்கே போகவில்லை. ஸ்டேஷன் லாக்கப்பில்தான் படுக்கை. பக்கத்தில் எவனாவது ஒரு பிக்பாக்கெட் படுத்திருந்தால்தான் மனிதருக்குக் கண் மூடுகிறது!

விஷயம் துணை கமிஷனர் ராதிகாவின் காதுக்குப் போனது. நேற்று கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வேம்புலி, யாராவது ஒருத்தரைப் பாருங்க. சைக்காலஜிஸ்ட்டோ, கோச்சோ... நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள பேரைச் சொல்லணும். இல்லன்னா ஸ்டேஷனை விட்டுத் தூக்கி கன்ட்ரோல் ரூம்ல உட்கார வெச்சுருவேன்!"

ஸ்டேஷனும் போனால் வேம்புலிக்கு இந்த உலகத்தில் மிச்சம், பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு.

மாடிப்படி ஏறும்போது கான்ஸ்டபிள் அப்துல் ரசாக் கிசுகிசுத்தார்.

"ஐயா, மேடத்துக்கு இன்னா சொல்லப் போறீங்க?"

"அத்தாம்பா தெரில. ரெண்டு கார்டு கீது. ஒண்ணு சைக்காலஜிஸ்ட் லாவண்யா, மேடம் குடுத்தது. இன்னொண்ணு லைஃப் கோச் கிரண், டீக்கடைல குடுத்தாங்க."

"கோச்சாண்டயே போயிடுங்க ஐயா. கோச்சுன்னா கிரிக்கெட்டு ஆடறவன் மாதிரி ஒரு கெத்து. அந்தம்மாகிட்ட போனா, 'இன்ஸ்பெக்டருக்கு மறை கழண்டுச்சு'ன்னு ஆவடி வரைக்கும் போஸ்டர் ஒட்டிருவானுங்க!"

"நானும் அத்தான் நெனச்சுகினு கீறேன்..."

ரெண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது.

ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே, முப்பது வயதுக்காரன் ஒருவன் குப்புறக் கிடந்தான். தோளில் காலி பை. அசைவு இல்லை!

எதிரே நாற்காலியில் ஓர் அம்மாள். ஐம்பத்தெட்டு வயது. காலில் புத்தம் புது வாக்கிங் ஷூ. முகத்தில் பதற்றம் என்பது மருந்துக்கும் இல்லை.

ரசாக் தொப்பியைக் கழற்றினார். "பாவம்யா... சின்ன வயசு..."

அப்போதுதான்...

"கொர்ர்ர்ர்!"

பிணம் குறட்டை விட்டது!

ரசாக் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வேம்புலி குனிந்து நாடி பார்த்தார். சீராக ஓடியது. கன்னத்தில் தட்டினார். எழவில்லை.

"எதுக்கும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லு ரசாக்." அம்மாளிடம் திரும்பினார். "பேரும்மா?"

"தாட்சாயிணி."

"இந்த ஆளு யாரு?"

"பேர்கூடத் தெரியாது சார். ஆறு மணிக்கு வாக்கிங் போனேன். திரும்பி வந்தா இப்படிக் கிடக்கான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துட்டுக் கத்திட்டார்."

"ஊட்ல வேற யாரு?"

"நான்தான்."

"ஊட்டுக்காரரு?"

"கல்யாணம் பண்ணிக்கல."

"அப்ப தொணைக்கு?"

"டிவி இருக்கு சார்."

வேம்புலி அடுத்த கேள்வியை விழுங்கினார். அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது.

"கதவைப் பூட்டலியா?"

"பூட்டி, சாவியை ஷூ ராக்ல பழைய செருப்புக்குள்ள வெச்சேன். கோச் அப்படித்தான் சொன்னார். 'லொகேஷனை எனக்கு ஷேர் பண்ணிடுங்க, கையில போன் மட்டும் போதும் மேம், கை ஃப்ரீயா இருந்தா மனசு ஃப்ரீயா இருக்கும்'னு."

வேம்புலியின் காது நிமிர்ந்தது.

"கோச்சா? இன்னா கோச்சு?"

"லைஃப் கோச். பாடியில ஒரு ஃபேக்டரில முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்தேன். போன வருஷம் ரிட்டயர்மென்ட். அதுக்கப்புறம் பேச ஆள் இல்ல. முதல்ல ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன், லாவண்யான்னு. வாரத்துல ஒரு நாள், அம்பது நிமிஷம். 'அழணும்னா அழுங்க'ன்னாங்க. பயந்து எழுந்து வந்துட்டேன். கோச்சுன்னா தினமும் போன் பண்ணுவார்! வாரம் ஏழு நாள்! எது லாபம் சொல்லுங்க?"

கத்தரிக்காய்க்குப் போடும் கணக்கை மனசுக்கும் போட்டிருந்தார் அந்த அம்மாள். வேம்புலிக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது.

திடீரென்று...

தூங்குகிறவனின் சட்டைப் பையில் போன் அடித்தது! திரையில் 'கோச் அண்ணன்'!

வேம்புலி எடுத்தார். "ம்ம்..."

"டேய் நிர்மல்! உள்ளாற இன்னாடா பண்ணினுகீற? கெய்வி ஊட்டாண்ட வந்துட்டா! லொகேஷன்ல இப்பத்தாண்டா காட்டுது! பின்னாடி வழியா வந்துரு, சொம்மா நிக்காத!"

டொக்.

பத்து எண்ணுவதற்குள் தாட்சாயிணியின் போன் அடித்தது. வேம்புலி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

அதே குரல்! ஆனால் மேலே சர்க்கரைப்பாகு!

"குட்மார்னிங் மேம்! ஆறாயிரம் அடி முடிச்சுட்டீங்க! சாம்பியன் மேம் நீங்க! இன்னிக்கு உங்க எனர்ஜி வேற லெவல்! வீட்டுக்குள்ள போகாதீங்க... இன்னும் ஒரே ஒரு ரவுண்டு! உங்களால முடியும் மேம்!"

வேம்புலி தலையாட்டினார்.

"சரிங்க சார்... போறேன்" என்றார் தாட்சாயிணி. குரல் அசையவில்லை.

வேம்புலி பையிலிருந்த கார்டை எடுத்தார். கிரண். அதே நம்பர்!

"ரசாக்... எந்தக் கோச்சாண்ட போவச் சொன்னே?"

ரசாக் சுவரைப் பார்த்தார்.

"அம்மா, ஊட்ல எதுனா காணாம போயிருக்குதா?"

"வெள்ளிச் சாமான் சார். வருஷத்துக்கு ஒண்ணா வாங்கினது. மூணு வாரமா நாளுக்கு ஒண்ணு காணாம போச்சு. கோச்சைக் கேட்டேன். 'ஸ்ட்ரெஸ்ல வர்ற மறதி மேம்'னு சொல்லி நாலாயிரம் அடியை ஆறாயிரமா ஆக்கிட்டார்."

"அடப்பாவி!" ரசாக் வாயைப் பிளந்தார். "ஒரே நாள்ல அள்ளிகினு போவாம ஏன்யா தவணை முறைல திருடறான்?"

"அங்கதான்யா மூளை!" வேம்புலியின் குரல் தாழ்ந்தது. "நாலு பேர் கீற ஊட்ல ஒரு டம்ளர் காணோம்னா புருசன் பொண்டாட்டியைக் கேப்பான், அவ மாமியாரைக் கேப்பா, ஊரே ரெண்டாயிடும். ஒண்டியா கீறவங்க யாரைக் கேப்பாங்க? தன்னையேதான் கேட்டுக்குவாங்க... நமக்குத்தான் மறதியோன்னு. போலீஸாண்ட வரவே மாட்டாங்க!"

போன மாதம் அவரே அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

தன் போனை எடுத்தார். கார்டைப் பார்த்து நம்பரை அழுத்தினார்.

"ஹலோ, கோச் சாருங்களா? என் பேரு வேம்புலி. சொந்த ஊடு சார், ஒண்டி ஆளு. ஒய்ஃப் தவறிட்டாங்க. அவுங்க வெள்ளி சாமான் ஒரு பீரோ கீது. அத்தப் பார்த்தாலே பேஜாராவுது..."

மறுமுனை ஒரு நொடி மூச்சு விட மறந்தது.

"கவலையே வேணாம் சார்! முதல் செஷன் ஃப்ரீ! ஒரு கேள்வி கேக்கறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. கடைசியா எப்போ சார் ஒருத்தரோட உட்கார்ந்து சாப்ட்டீங்க?"

வேம்புலி வாயைத் திறந்தார்.



நடிப்பு அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது. ரசாக் மெல்ல அவர் முழங்கையைத் தொட்டார்.

"...எட்டு மாசம் ஆவுது சார்."

"கிரேட்! அதை விடுங்க! பழசை நினைக்கவே கூடாது! இப்போ எங்கே இருக்கீங்க?"

எட்டு மாசத்தை 'கிரேட்' என்று சொல்லித் தாண்டிப் போனவன் மேல் வேம்புலிக்கு முதன்முறையாகப் போலீஸ் கோபத்தைத் தவிர வேறொரு கோபமும் வந்தது.

"அம்பத்தூர்லதான் சார். நீங்க?"

"நான் ஏரிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் டீக்கடைல இருக்கேன். மஞ்சள் டீ-ஷர்ட். வாங்க!"

"ஆள் அனுப்பறேன் சார்!"

ரசாக் வாட்ச்மேனின் ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பதினைந்தே நிமிடம்! மஞ்சள் டீ-ஷர்ட் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் நிர்மலின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"பயமில்ல சார். தூக்க மாத்திரை மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரில வெச்சுப் பார்த்துக்கறோம். மத்தியானம் எழுந்துருவான்."

ஸ்ட்ரெச்சர் போனது. ஹாலில் இரண்டே பேர்.

வேம்புலி தாடையைச் சொறிந்தார்.

"திருட வந்தவன் எதுக்கும்மா தூக்க மாத்திரை போட்டுக்கறான்?"

"அவன் போட்டுக்கல சார்."

"பின்னே?"

"நான்தான் காபில போட்டேன். அரை மாத்திரை. எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது."

வேம்புலி அப்படியே உட்கார்ந்துவிட்டார்!

"இன்னாம்மா சொல்றீங்க? அவன் வர்றது உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது நாளே தெரியும். முப்பத்தோரு வருஷ ஸ்டோர்ஸ் சார்! என் கண்ணைத் தாண்டி ஒரு நட்டு வெளிய போனதில்ல. எனக்கா மறதி?"

"அப்பவே கம்ப்ளெய்ன்ட் குடுக்கறதுக்கின்னா?"

"குடுத்தா புடிச்சிருப்பீங்களே."

வேம்புலி விழித்தார்.

தாட்சாயிணி சோபாவைக் காட்டினார்.

"வாக்கிங் முடிச்சு வந்தா அந்த மெத்தையில ஒரு குழி இருக்கும் சார். யாரோ உட்கார்ந்துட்டுப் போன குழி. பதினாலு வருஷமா அந்த சோபாவுல என் குழி மட்டும்தான். ஒரு நாள் ஃப்ளாஸ்க்ல காபி வெச்சுட்டுப் போனேன். குடிச்சுட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தான். நல்லா வளர்த்திருக்காங்க."

"வெள்ளிச் சாமானு?"

"பாவம், பீரோவைக் குடைஞ்சு நேரத்தை வீணாக்கறானேன்னு நானே தினம் ஒண்ணு காபி பக்கத்துல எடுத்து வெச்சேன். மீதி நேரம் உட்காருவான் பாருங்க."

சிரிப்பதா, திட்டுவதா என்று வேம்புலிக்குத் தெரியவில்லை.

"அப்புறம் இன்னிக்கு ஏம்மா மாத்திரை?"

தாட்சாயிணியின் குரல் முதன்முறையாக நடுங்கியது.

"நேத்தோட வெள்ளி தீர்ந்துபோச்சு சார். இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு ஏன் வரப்போறான்? ஒரே ஒரு தடவை... கதவைத் திறக்கறப்ப உள்ள ஆள் இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

வெளியே எங்கேயோ லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது.

"இது தப்பும்மா. மயக்க மருந்து குடுத்தா கேஸு. தெரியுமில்ல?"

"போடுங்க சார். லாக்கப்ல... பேச்சுத் துணைக்கு யாராவது இருப்பாங்களா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக் காவல்துறையில் அனுபவப்பூர்வமாகப் பதில் சொல்லத் தகுதியான ஒரே அதிகாரி அவர்தான்.

"அந்த லாவண்யா அம்மா வேற எதுனா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. 'நல்ல கோச் நிறைய பேர் இருக்காங்க. கால் நல்லா இருக்கறவங்களை அவங்க ஓட வைப்பாங்க. உங்களுக்கு இப்போ கால்ல அடி. முதல்ல உட்காருங்க, பார்க்கலாம்'னாங்க. எனக்கு உட்காரப் பயம் சார். அதான் நடந்துட்டே இருந்தேன்."

வேம்புலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாக்குமூலம் எல்லாம் எழுதி முடித்தபோது மணி பதினொன்று ஐம்பது.

துணை கமிஷனருக்கு ஒரு மெசேஜ் தட்டினார். ஒரே பெயர். பிறகு அந்தப் பெயருக்கே போன் போட்டார்.

"வணக்கம் மேடம், லாவண்யா மேடங்களா? அப்பாயின்ட்மென்ட் வோணும். ரெண்டு பேருக்கு... ஆமாங்க, ரெண்டு பேரும் இப்ப ஒரே ஊட்லதான் கீறோம்... ஆமா, அளுவறதுக்கும் டைம் சேர்த்துப் போட்டுக்கங்க."

மறுமுனையில் பக்கம் புரளும் சத்தம்.

"கணவன் மனைவியா சார்? ஒரே செஷனா போட்டுடட்டுமா?"

வேம்புலி தாட்சாயிணியைப் பார்த்தார். தாட்சாயிணி வேம்புலியைப் பார்த்தார்.

"ஐயய்யோ, தனித்தனியா போடுங்க மேடம்... நான் அவுங்கள அரெஸ்ட் பண்ண வந்தவன்!"