துடைக்காத மூக்கு

தடிமன் பிடித்த பத்தாவது நாள், ஜெயலெட்சுமி தன் மூக்கை ஐந்து தடவை சுத்தம் செய்தாள்.

காய்ச்சல் போய்விட்டது. களைப்புதான் போக மனமில்லாமல் கைகால்களில் உட்கார்ந்திருந்தது. அம்மா அங்கம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்க எந்த மலை என்று கேட்க, விடியும்போதே வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். ஜெயா சுடுதண்ணீரில் ஆவி பிடித்தாள். சிந்தினாள். ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடியும் சிந்தினாள்.

"அக்கா, மூக்கு தக்காளி மாதிரி இருக்கு," என்றான் தம்பி அஜந்தன். அவனுக்கு ஆறு வயது.

"டொக்டர் வாறாங்கல்ல? போன தடவை ஒழுக ஒழுக நின்னேன். எவ்வளவு வெக்கமா இருந்துச்சு தெரியுமா?"

டொக்டர் ஹம்ஸியா பதுளையிலிருந்து வருகிறவர். தடிமன் பிடித்த பிள்ளைகளின் மூக்கில் சின்னப் பட்டை ஒன்றை ஒரு நிமிடம் வைத்து, அதில் ஊறும் சளியை எடுத்துப் போவார். ஜெயாவிடம் மூன்று தடவை எடுத்தாயிற்று. இன்று கடைசித் தடவை.

ஒன்பதரை மணிக்கு அவர் மூச்சு வாங்க, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து, ஐஸ் பெட்டியை வாசலில் இறக்கி வைத்தார்.

"மகள், நான் வந்துட்டேன். எண்ட மூச்சு இன்னும் பஸ் ஹோல்ட்லதான் நிக்குது."

அஜந்தன் கீழே எட்டிப் பார்த்தான்.

டொக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பட்டையை ஜெயாவின் மூக்கில் வைத்தார். ஒரு நிமிடம் கழித்து எடுத்தார். பட்டை காய்ந்து கிடந்தது. அடுத்த மூக்குத் துவாரத்திலும் அப்படியே.

"மூக்கை என்ன மகள் செஞ்சீங்க?"

"சுத்தம் பண்ணினேன் டொக்டர். அஞ்சு தடவை."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றும்விட்டது. அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வைரஸ் மூக்கு வழியா உள்ளே வந்துச்சா? அதைப் பிடிச்சு நிறுத்த உங்கட உடம்பு சின்னச் சின்னக் காவல்காரங்களைச் செய்யும். பிறபொருளெதிரி என்று பேர். கண்ணுக்குத் தெரியாது. சளியிலதான் நிப்பாங்க. பத்து நாள்ல எவ்வளவு கூடியிருக்காங்க என்று பார்க்கத்தான் நான் வந்தது."

ஜெயாவுக்குத் திக்கென்றது. "எல்லாரையும் நான் சிந்திட்டேனே!"

"உடம்பு இன்னும் செய்யும். ஆனா எனக்கு இண்டைக்கு வேணும். இந்தத் தோட்டத்தில ஆறு பிள்ளைகள்ட எடுக்கத் தொடங்கினேன். ஒருத்தர் கொழும்புக்குப் போயிட்டார். நாலு பேர் என்னைக் கண்டா தேயிலைக்குள்ள ஒளியுறாங்க. மிச்சம் நீங்க ஒருத்திதான்."

"இன்னைக்கு இல்லாட்டி?"

"முந்தின மூணும் வீண்தான். பரவாயில்ல மகள்."

அந்தப் 'பரவாயில்ல'யை ஜெயாவுக்குத் தெரியும். கூடையை இறக்கிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டே அம்மா சொல்வதும் அதுதான். அப்படிச் சொல்லும்போது எதுவுமே பரவாயில்லாமல் இருக்காது.

"மொளகாத்தூள் போட்டா ஒழுகும்," என்றான் அஜந்தன்.

"அடி வாங்குவே," என்றாள் ஜெயா. பிறகு யோசித்தாள். "டொக்டர், அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகணும். மேலே குளிர்காத்து. அங்க போனாலே எனக்கு மூக்கு ஒழுகும்."

டொக்டர் நிமிர்ந்தார். "நல்ல யோசனைதான். உங்களுக்கு ஏலுமா? மெதுவாப் போகணும். பதினொண்ணரைக்கு நான் பஸ்ஸுக்கு இறங்கணும்."

"ஏலும்."

சொல்வது சுலபமாக இருந்தது. தேத்தண்ணீரோடு, அஜந்தனையும் கூட்டிக்கொண்டு ஏறும்போது கால்கள் வேறு யாருடையவோ போலக் கனத்தன. ஜெயா நான்கு தடவை உட்கார்ந்து எழுந்தாள். பாதி மலையில் பனிக்காற்று முகத்தில் அடித்தது. மூக்கு குறுகுறுத்தது. ஒழுகியது. கை தானாக மேலே போனது.

"அக்கா! கையை எடு!" என்று அஜந்தன் கத்தினான்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமி சித்தி திரும்பிப் பார்த்தாள். "அடியே, என்னடி மூக்குலருந்து துன்ஹிந்த அருவி விழுது?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அம்மா ஓடிவந்து முந்தானையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா! இது டொக்டருக்கு!"

இந்தத் தடவை மலையே சிரித்தது.

"அவ்வளவு தூரத்துலருந்து வாறவங்களுக்குக் குடுக்க, நம்ம தோட்டத்துல வேற ஒண்ணுமா இல்ல?" என்றாள் சித்தி.

ஜெயாவின் காது சுட்டது. நேற்றாக இருந்தால் துடைத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்திருப்பாள். இப்போது தேத்தண்ணீரைக் கொடுத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு இறங்கினாள்.

டொக்டர் லயத்து வாசலில் பட்டையோடு காத்திருந்தார். மணி பதினொன்று இருபது. அஜந்தன் அறுபது வரை எண்ணினான். நாற்பதுகளை மறந்துவிட்டதால் டொக்டர் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்.

பட்டை நனைந்து பருத்து வெளியே வந்தது. டொக்டர் அதைக் குழாயில் போட்டு மூடி, எண் எழுதி, ஐஸுக்குள் வைத்தார். அவர் முகத்தில் இருந்த களைப்பு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"அதுல காவல்காரங்க நிறைய இருப்பாங்களா டொக்டர்?"

"பரிசோதிச்சாத்தான் தெரியும். நாலாவது தடவையும் குடுத்தீங்களே மகள், அதனாலதான் பார்க்கவே முடியுது."

ஜெயா படியில் சாய்ந்தாள். கால் வலித்தது. தூக்கம் வந்தது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

"இப்ப துடைச்சுக்கலாமா?"

"துடைங்க, துடைங்க!"

ஜெயா துணியை எடுத்தாள். வெட்கமே படாமல், லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்படி, மூக்கைச் சிந்தினாள்.