மாங்குளத்தில் நாற்பது நிமிடம்

நின்ற கார் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பின் இருக்கையில் படுத்திருந்த மனைவி மார்கிறட் புரண்டிருப்பாள் என்று பேதுரு நினைத்தான். ஆனால் அவள் புரளக்கூடாது. சென்னையில் நெஞ்சைத் திறந்து தைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

பலாலி விமான நிலையத் தரிப்பிடத்திலேயே காருக்குச் சார்ஜ் ஏற்ற நினைத்திருந்தான். சக்கர நாற்காலியில் வந்த அவளின் முகத்தைக் கண்டதும், வீடு சேர்ந்தால் போதுமென்று புறப்பட்டுவிட்டான். மாங்குளத்துக்கு வரும்போது ஒன்பது சதவீதம். கண்டி வீதியோரச் சாப்பாட்டுக்கடையின் பின்வளவில், மதிலுக்கும் தாழ்வான சீமெந்துக் கட்டுக்கும் நடுவே காரை விட்டு வயரைச் செருகினான்.

"எனக்குக்கூட இப்பிடி நேரத்துக்குச் சாப்பாடு தந்ததில்லை நீங்கள்," என்றாள் மார்கிறட், இரண்டு விரல் இறக்கிய கண்ணாடி வழியாக.

"கதையாமல் படும். தையல் விட்டிடும்."

வெளிச்சம் மங்கும் மைம்மல் பொழுது. சார்ஜரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. கடைக்குள் கொத்துறொட்டி அடிக்கும் சத்தமும் கருகிய எண்ணெய் மணமும், வேலிக்கு அப்பால் காட்டிலிருந்து ஈரமண் வாடையும் கலந்து வர, அவன் இருப்புக்கொள்ளாமல் அங்குமிங்கும் நடந்தான். அப்போதுதான் வேலியோரம் தலையில் மூட்டையோடு ஒரு பெண் நின்றாள்.

"எங்கால போறியள்?"

"முல்லைத்தீவுக்கு. ஏறுங்கோ, இடமிருக்கு."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. போரில் சனம் இடம்பெயர்ந்த மாதங்களில் பேதுரு உழவு இயந்திரத்தில் ஆட்களை ஏற்றி ஓடினவன். பின்னால் இழுக்கும் பெட்டியில் ஒரு முழம் வெறுமையாகக் கிடந்தாலும் யாரும் கேட்கும்வரை பார்த்திருப்பதில்லை, கூப்பிட்டு ஏற்றுவார்கள். மார்கிறட்டின் நினைவு வர, "இல்லையக்கா, உள்ளுக்கு வருத்தக்காரி" என்று திரும்பினான். ஆளில்லை. அப்போதுதான் கார் முதல் தடவை தாழ்ந்தது.

இப்போது மறுபடியும். கதவு திறந்த சத்தமில்லை. ஸ்பிரிங் மட்டும் முனகியது.

பார்த்தான். நீட்டிப் படுத்திருந்தவள் கால்களை மடக்கியிருந்தாள்.

இன்னொரு தரம். எழும்பி உட்கார்ந்திருந்தாள்.

இன்னொரு தரம். பேருந்தில் நெருக்குப்படுகிறவளைப் போலத் தோளை ஒடுக்கிக் கதவோரம் ஒதுங்கியிருந்தாள்.

காரின் திரையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போகக்கூடிய கிலோமீற்றர் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது. முப்பத்தொன்று. பதினெட்டு.

கைப்பிடியை இழுத்தான். பூட்டு விட்டது, கதவு வரவில்லை. அதன் கீழ்விளிம்பு சீமெந்துக் கட்டில் முட்டி நின்றது. கார் அவ்வளவு தாழ்ந்திருந்தது. முன்கதவும் அப்படித்தான். மறுபக்கம் மதில்.

"இஞ்சேரும், கண்ணாடியை இறக்கி எப்பிடியும் இறங்கப் பாரும்."

"எப்பிடி இறங்கிறது? இதுகள் எவ்வளவு நேரம் நிண்டு களைச்சதுகள்." அவள் குரலில் பதற்றமில்லை. "நீங்கள் விலகி விடுங்கோ. உங்களுக்குப் பின்னாலயும் சனம் நிக்குது."

பேதுரு திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியில் ஈரமண் வாடை.

மார்கிறட் வெறும் இருக்கையின் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளையை இஞ்ச தாங்கோ."

நீட்டிய கைகள் பாரம் வாங்கித் தாழ்ந்தன. மடியில் இருத்தினாள். நெஞ்சில் சாய்த்தாள். கைகளுக்குள் ஒன்றுமில்லை. தையலுக்கு மேலே சட்டை மட்டும் ஒரு சின்னத் தலையளவுக்கு அமுங்கியது. அந்தக் குழியில் சிவப்பு ஊறியது. விளிம்புவரை நிறைந்தது.

மார்கிறட் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.